கடித்துத் துப்பட்டும், அதற்குத்தானே செய்கிறோம்

கேள்வி: எங்கள் வீட்டில் ஒன்றரை வயது கன்யூர் (சிறிய வகைக் கிளி) இருக்கிறது. பகலில் பெரும்பாலும் கூண்டுக்குள்தான். கொஞ்ச நாளாகக் கூண்டுக் கம்பியைக் கடித்துக்கொண்டே இருக்கிறது, கத்தலும் அதிகம். நெஞ்சுப் பக்கம் இறகைப் பிடுங்குகிறதோ என்று சந்தேகமாகவும் இருக்கிறது. வாங்கிக் கொடுக்கும் பொம்மைகளை இரண்டே நாளில் நார்நாராக்கிவிடுகிறது. "இதற்குக் காசு செலவழிப்பது வீண்" என்கிறார் கணவர். வீட்டிலேயே ஏறி விளையாட ஒரு மரமும் கொஞ்சம் பொம்மைகளும் செய்து கொடுக்க ஆசை. எந்தக் கட்டை, எந்தக் கயிறு பாதுகாப்பானது?
- ஒரு வாசகி

பதில்: முதலில் அந்த இறகு விஷயம். மரம் செய்யத் தொடங்கும் முன்பே பறவைகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். சலிப்பினால் பிடுங்கும் கிளிகள் உண்டு, தோல் தொற்று, ஒட்டுண்ணி, கல்லீரல் கோளாறு என்று உடம்பு சரியில்லாமல் பிடுங்கும் கிளிகளும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், நாமாக ஒரு முடிவுக்கு வருவது ஆபத்து.

உடம்பில் கோளாறு இல்லை என்று தெரிந்துவிட்டால், நீங்கள் நினைத்த வழி சரியான வழிதான். கன்யூருக்கு உறவான, அமேசான் என்ற இனக் கிளிகள் காட்டில் ஒரு நாளில் 4 முதல் 6 மணி நேரம் இரை தேடுவதிலேயே கழிக்கின்றன: ஏறி, தொங்கி, பட்டையை உரித்து, கொட்டையை உடைத்து. கூண்டில் கிண்ணம் நிறைய தீனி இருந்தால் அந்த வேலை ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். மீதிப் பகல் முழுக்க அந்த அலகு என்ன செய்யும்? கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இதைச் சோதித்து 2003-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இளம் அமேசான் கிளிகளில் ஒரு பிரிவுக்குத் தேடித் தின்னும் ஏற்பாடும், ஏறவும் கடிக்கவும் பொருட்களும் கொடுத்தார்கள், இன்னொரு பிரிவுக்குக் கொடுக்கவில்லை. எதுவும் கிடைக்காத பிரிவில் இறகு பிடுங்கும் பழக்கம் வளர்ந்தது, பிறகு அவற்றுக்கும் அதே பொருட்களைக் கொடுத்ததும் இறகுகளின் நிலை தேறியது.

அதனால் உங்கள் கணவரிடம் தைரியமாகச் சொல்லுங்கள், இரண்டு நாளில் நார்நாராகிப் போன பொம்மை தன் வேலையை முழுசாகச் செய்த பொம்மை. தொடாமல் மாதக்கணக்கில் புதுசு மாதிரியே தொங்குகிறதே, அதுதான் வீண். செய்யும்போதும் இதை மனதில் வையுங்கள்: மரத்தின் எலும்புக்கூடு, அதாவது அடிப்பகுதி, நடுக்கொம்பு, போல்ட், கொக்கி எல்லாம் உறுதியாக இருக்க வேண்டும், அதில் தொங்குவதெல்லாம் அழிவதற்காகவே இருக்க வேண்டும். இந்தப் பிரிவினை தெளிவாக இருந்தால் செலவும் குறையும், ஆபத்தும் குறையும்.

கட்டை என்றால் கொய்யா, ஆப்பிள், வில்லோ, யூகலிப்டஸ், மூங்கில் இவை கிளி வளர்ப்பவர்கள் நெடுநாளாக நம்பிப் பயன்படுத்துபவை. செம்பருத்திக் கிளையையும் கொடுக்கலாம், மெல்லியதாக இருப்பதால் கடிக்க நன்றாக இருக்கும். அரளி வேண்டவே வேண்டாம், இலை, பட்டை, குச்சி எல்லாமே விஷம். அவகாடோ மரமும் கூடாது, அந்தப் பழமே பறவைகளைக் கொல்லக்கூடியது. என்ன மரம் என்று உறுதியாகத் தெரியாத கிளையை எவ்வளவு அழகாக வளைந்திருந்தாலும் விட்டுவிடுங்கள். பூச்சிமருந்து அடித்த தோட்டம், வண்டிப் புகை படியும் சாலையோரம் இரண்டிலிருந்தும் வெட்டாதீர்கள். கரையான் அரிக்காமல் ரசாயனத்தில் ஊறவைத்த பலகை, பசை போட்டு அழுத்திய பிளைவுட், பழைய பெயின்ட் பூசிய நாற்காலிக் கால் எதுவும் வேண்டாம், பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். வெட்டிய கிளையை வெந்நீரில் பிரஷ் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவி, உள்ளே ஈரமே இல்லாமல் வெயிலில் காயவிடுங்கள், ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். பட்டையை மட்டும் உரித்துவிடாதீர்கள், கிளிக்கு அதை உரிப்பதுதான் முதல் சந்தோஷம்!

கிளையின் கனம், அதாவது பருமன் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பலரும் தவறவிடுவது இங்கேதான். கடைக் கூண்டுகளில் வரும் வழவழப்பான, முழுக்க ஒரே கனமுள்ள உருட்டுக் குச்சியில் நாள் முழுக்க உட்கார்ந்தால் பாதத்தில் எப்போதும் அதே இடத்தில்தான் அழுத்தம் விழும், நாளடைவில் அந்த இடம் சிவந்து புண்ணாகிவிடும். கிளிக்கு இரண்டு விரல் முன்னால், இரண்டு விரல் பின்னால். அந்த விரல்கள் கிளையைச் சுற்றி முக்கால் பங்கு வரை பிடிக்க வேண்டும், நுனிகள் ஒன்றையொன்று தொடக் கூடாது. கன்யூருக்கு ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டரை சென்டிமீட்டர் கனம் பொருந்தும், ஆனால் எல்லாக் கிளையும் ஒரே அளவில் வேண்டாம், கணுவும் வளைவும் உள்ள கிளைகளாகப் பாருங்கள். நகம் தேய வேண்டும் என்று மணல்தாள் சுற்றிய குச்சி விற்பார்கள், பாதத்தைக் கீறிவிடும், வாங்காதீர்கள்.

அடிப்பகுதிக்குச் சுலபமான வழி, அகலமான தொட்டியின் நடுவில் கவட்டையுள்ள பெரிய கொம்பை நிறுத்திச் சிமென்ட் கலவை ஊற்றி, நன்றாக இறுகிக் காய்ந்ததும் மேலே கழுவிய கூழாங்கற்களைப் பரப்புவது. கூழாங்கல் விழுங்க முடியாத அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். கையால் உலுக்கிப் பாருங்கள், கொஞ்சம் ஆடினாலும் கிளி பயந்து அந்தப் பக்கமே வராது. பக்கக் கிளைகளைத் துளை போட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட், வாஷர் வைத்து முடுக்கிவிடுங்கள், பசையை நம்ப வேண்டாம். துத்தநாகம் பூசிய கம்பி, சங்கிலி, ஆணி எதுவும் மரத்தில் இருக்கக் கூடாது. கிளி உலோகத்தை நக்கும், சுரண்டும், அந்தத் துத்தநாகமும் ஈயமும் உள்ளே போனால் கடுமையான விஷமாகிவிடும். உங்கள் கிளி கூண்டுக் கம்பியைக் கடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கம்பியில் பூச்சு உரிந்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், உரிந்திருந்தால் மருத்துவரிடமும் மறக்காமல் சொல்லுங்கள்.

கயிறு விஷயத்தில் நான் கண்டிப்பு. நைலான் கூடாது. பருத்திக் கயிறு மெத்தென்று இருக்கும், ஆனால் பிரிந்த நூலில் விரலோ கழுத்தோ சிக்கிக்கொள்ளும், விழுங்கிய நூல் தீனிப்பையில் உருண்டையாகத் திரண்டுவிடும். கற்றாழை நார்க் கயிறு பரவாயில்லை, எண்ணெய் வாடை அடிக்கும் சணலை ஒதுக்குங்கள். எந்தக் கயிறானாலும் தொங்கும் நீளம் குறைவாக இருக்கட்டும், சுருக்குப் போல வளையம் விழ வேண்டாம், நூல் பிரிய ஆரம்பித்த அன்றே வெட்டி எறிந்துவிடுங்கள்.

பொம்மைக்குப் பெரிய சாமர்த்தியம் தேவையில்லை. மை அச்சடிக்காத காகிதத்துக்குள் ஒரு சூரியகாந்தி விதையை வைத்து மிட்டாய் போல முறுக்கி, அப்படி நாலைந்தைக் கிளை இடுக்குகளில் செருகுங்கள். அட்டைத் துண்டுகளைத் துளையிட்டுக் கோத்துத் தொங்கவிடலாம், ஆனால் பசை, டேப், ஸ்டேப்ளர் பின் எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. சோளக் கதிரின் உறை, கழுவிய கொட்டாங்கச்சி எல்லாமே நல்ல சரக்கு. மணி வேண்டுமென்றால் கீறல் உள்ள சலங்கை வேண்டாம், அந்தக் கீறலில் விரல் மாட்டிக்கொள்ளும். முதல் நாள் காகிதத்தைப் பாதி திறந்தபடி வையுங்கள், விதை தெரியட்டும். அப்புறம் மெல்ல மெல்ல இறுக்கிக்கொண்டே போகலாம். அன்றாடத் தீனியில் ஒரு பங்கை இப்படிக் கொடுத்தால் கிண்ணத்தைத் தேடுவது குறையும், ஆனால் எல்லாவற்றையும் ஒளித்துவைத்துப் பட்டினி போட்டுவிடாதீர்கள்.

மரத்தைச் சுழலும் மின்விசிறிக்குக் கீழே ஒருபோதும் வைக்காதீர்கள். சமையலறையும் வேண்டாம், ஒட்டாத பூச்சுள்ள பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகையே கிளியைக் கொன்றுவிடும். ஒரு பக்கம் சுவர் இருக்கும் மூலைதான் நல்லது, முதுகுப் பக்கம் பாதுகாப்பு இருந்தால் கிளி நிம்மதியாக உட்காரும். உயரமாக உட்காரும் கிளி நம்மை மதிக்காது என்று சொல்வார்கள், அதை நான் நம்புவதில்லை, உங்கள் கைக்கு எட்டும் உயரம் என்றால் போதும்.

செய்து முடித்த உற்சாகத்தில் கிளியைத் தூக்கி உச்சாணிக் கொம்பில் உட்கார வைத்துவிடாதீர்கள். புதுப் பொருள் என்றாலே பல கிளிகளுக்குப் பயம். இரண்டு மூன்று நாள் கூண்டிலிருந்து தள்ளி, கண்ணில் படும்படி மட்டும் வையுங்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே நகர்த்துங்கள். அதற்குப் பிடித்த தீனியைக் கீழ்க்கிளையில் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே ஒரு காகித முடிச்சைப் பிரித்து விளையாடுங்கள், அது பார்த்துக்கொண்டுதான் இருக்கும். ஒரு வாரம் ஆனாலும் சரி, அதுவாக இறங்கி வரட்டும்.