தண்டு நிஜமாகவே ஆடுகிறதா? – வாசகர் கேள்வி பதில்

கே: நிமிடத்துக்கு 2,980 சுற்றில் ஓடும் மோட்டார், ஸ்லீவ் பேரிங். ஓவர்ஹோலுக்குப் பிறகு ஒரு பேரிங்கின் X புரோப் (தண்டைத் தொடாமலே அதன் ஆட்டத்தை அளக்கும் சென்சர்) 62 மைக்ரோன் காட்டுகிறது. பேரிங் கவசத்தில் கை மீட்டரை வைத்தால் செக்கனுக்கு 1.5 மில்லிமீட்டர்தான். புரோப் பிழை என்று, ஆட்டம் கூடினால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் ட்ரிப்பை பைபாஸ் பண்ணச் சொல்கிறார்கள். எதை நம்புவது?
– வாசகர், சீனன்குடா

ப: பைபாஸ் பண்ண விடாதீர்கள். கவசத்தில் கிடைத்த 1.5, இந்த வேகத்தில் முகட்டுக்கு முகடு சுமார் 14 மைக்ரோன்தான். ஆனால் ஸ்லீவ் பேரிங்கில் தண்டு எண்ணெய்ப் படலத்தில் மிதக்கிறது. அதன் ஆட்டத்தில் ஒரு பங்குதான் கவசத்துக்கு வரும். அதனால் இரண்டு மீட்டரும் சரியாகவே இருக்கலாம்.

முதலில், X-க்குச் செங்குத்தாக இருக்கும் Y புரோப்பைப் பாருங்கள். அதுவும் கூடியிருந்தால் ஆட்டம் நிஜமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். X மட்டும் கூடியிருந்தால் ரன்-அவுட்டை, அதாவது தண்டின் மேற்பரப்பே காட்டும் பொய் ஆட்டத்தை, சோதியுங்கள். மெஷினை நிறுத்தி, மோட்டாரின் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டி, எண்ணெய் பம்பை ஓடவிட்டு, தண்டைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். மொனிட்டரின் பஃபர் வெளியீட்டில் (புரோப் சிக்னலை வெளியே தரும் சொக்கெட்) மல்ட்டிமீட்டரை டிசியில் வைத்து, ஒரு சுற்றில் வரும் கூடிய, குறைந்த வோல்ட்டுகளைக் குறியுங்கள். வழக்கமான 8 மில்லிமீட்டர் புரோப் மைக்ரோனுக்கு 7.87 மில்லிவோல்ட் தரும். வித்தியாசம் 0.22 வோல்ட் என்றால் 28 மைக்ரோன். தண்டு அதிராமலே வரும் எண் அது.

புரோப் பார்க்கும் அதே தடத்தில் (தண்டின் அந்தப் பட்டையில்) டயல் கேஜையும் வையுங்கள். டயல் 6 மைக்ரோன் மட்டும் காட்டினால் அது இயந்திர ரன்-அவுட், மிச்சம் மின் ரன்-அவுட்: வெல்டிங்கோ விரிசல் சோதனையோ விட்டுப்போன காந்தம், எமரி போட்ட கீறல், குரோம் பூச்சு. ஓவர்ஹோலில் தண்டை அந்தத் தடத்திலேயே தாங்கி வைத்திருந்தார்களா என்று கேளுங்கள்; நான் முதலில் சந்தேகிப்பது அதைத்தான். காந்தம் என்றால் டிகாஸ் செய்து காந்தத்தை நீக்க வேண்டும். கீறல் என்றால் தடத்தை பர்னிஷ் பண்ணி (அழுத்தி மெருகேற்றி) சீராக்க வேண்டும். மெஷின் பாதுகாப்பு அளவீடுகளுக்கான ஏபிஐ 670 தரப்படி மின், இயந்திர ரன்-அவுட் இரண்டும் சேர்ந்து, அனுமதித்த அதிர்வில் கால்வாசி அல்லது 6 மைக்ரோன், இரண்டில் எது பெரிதோ அதைத் தாண்டக்கூடாது.

62-இல் 28-ஐக் கழித்து 34 என்று எழுதிவிடாதீர்கள். இரண்டுக்கும் கோணம் உண்டு. ஒரே திசையானால் 34, எதிர்த் திசையானால் 90! கட்டக்குறி புரோப் (சுற்றுக்கு ஒரு தடவை துடிப்புத் தந்து கோணம் காட்டுவது) இல்லாமல் இந்தக் கழித்தலே கூடாது.

மிஞ்சியது நிஜ ஆட்டம் என்றால் அதன் அதிர்வெண்ணைப் பாருங்கள். சுற்று வேகத்தில் நின்றால் பெரும்பாலும் பேலன்ஸ், இரு மடங்கில் எழுந்தால் அலைன்மென்ட், 0.42–0.48 மடங்கில் எழுந்தால் எண்ணெய்ச் சுழல் (எண்ணெய்ப் படலமே தண்டைச் சுழற்றித் தள்ளுவது). மூன்றாவது வந்தால் தாமதிக்காமல் நிறுத்துங்கள்.

கே: மழை நாளில் புரோப் ரீடிங் துள்ளுகிறது. கடற்காற்றால் கேபிள் கனெக்டர் கெட்டிருக்குமா?
– வாசகர், கப்பல்துறை

ப: கனெக்டரே முதல் இடம். கழற்றி ஐசோபுரோபைல் ஆல்கஹோலால் துடைத்து, காய்ந்த பிறகு விரலால் இறுக்கி, கனெக்டர் மூடி போடுங்கள். கனெக்டர், கேபிள் போகும் உலோகக் குழாயைத் தொட்டால் எர்த் லூப் உண்டாகி 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சல் ஏறும். கேபிளின் ஷீல்டை மொனிட்டர் பக்கம் மட்டும் எர்த் பண்ணுங்கள். உங்கள் மோட்டாரும் 2,980 சுற்று என்றால் அதன் நிஜ ஆட்டம் 49.67 ஹெர்ட்ஸில் நிற்கும். இரண்டையும் பிரிக்கக் குறைந்தது 10 செக்கன் பதிவு வேண்டும். மோட்டார் நின்ற பிறகும் 50 அப்படியே இருந்தால் கோளாறு கேபிளில்தான்.

மிச்சக் கேபிளை வெட்டிச் சுருக்காதீர்கள். 5 மீட்டர் சிஸ்டத்தில் புரோப், நீட்டிப்புக் கேபிள், டிரைவர் (புரோப்பை இயக்கும் மின்னணுப் பெட்டி) மூன்றும் ஒரே மின்நீளத்துக்குப் பொருத்தப்பட்டவை. அரை மீட்டர் வெட்டினாலும் அளவு பிழைக்கும். சுருட்டிக் கட்டிப் பெட்டிக்குள் வையுங்கள்.