கால் எட்டாத ஆழத்தில் இரண்டு நிமிடம்

கேள்வி: ஒன்பது வயதாகும் என் மகள் 25 மீட்டர் நீச்சல் குளத்தை ஃப்ரீஸ்டைலில் நிற்காமல் கடந்துவிடுகிறாள். அடுத்த பேட்ச்சுக்கு மாற்றலாம் என்கிறார் கோச். அங்கே அவள் எவற்றைக் கற்க வேண்டும்? விடுமுறையில் தாத்தா வீட்டுக் கிணற்றில் இறக்கலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: மகளுக்கு என் வாழ்த்துகள். மறுகரைச் சுவரைப் பிடித்ததும் அவள் எப்படி மூச்சு வாங்குகிறாள் என்று ஒருமுறை பாருங்கள். வாயைப் பிளந்து இரைத்தால், தண்ணீருக்குள் மூச்சை அடக்கி வைத்திருந்து, தலையைத் திருப்பும் அந்த நொடியிலேயே விடவும் இழுக்கவும் தவிக்கிறாள் என்று பொருள். முகம் நீருக்குள் இருக்கும்போதே குமிழிகள் தொடர்ந்து வெளிவர வேண்டும். அது பழகிய பின், மூன்று கைவீச்சுக்கு ஒருமுறை இடமும் வலமும் மாற்றி மூச்செடுக்கக் கற்பது அடுத்த படி.

மல்லாந்து நீந்தும் பேக் ஸ்ட்ரோக்கில், சுவருக்கு 5 மீட்டர் முன்பாகத் தலைக்கு மேல் கட்டியிருக்கும் கொடிகளைக் கண்டதிலிருந்து சுவர்வரை தனக்கு எத்தனை கைவீச்சு என்பதை அவள் எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் தலை மோதும். தவளைபோல் நீந்தும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் திரும்பும்போது இரு கைகளும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். இரு கைகளையும் ஒன்றாக வீசி நீந்தும் பட்டர்ஃபிளைக்கு அவசரமே வேண்டாம். இடுப்பிலிருந்து எழும் அலையசைவு வராமல் தோளை மட்டும் வருத்தினால் வலிதான் மிஞ்சும்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, கால் எட்டாத ஆழத்தில், நீச்சல் கண்ணாடி இல்லாமல், நின்ற வாக்கில் இரண்டு நிமிடம் மிதக்கவும், களைத்தால் மல்லாந்து ஓய்வெடுக்கவும், பின் அங்கிருந்து நீந்திச் சுவரை அடையவும் அவளால் முடிகிறதா என்று கோச்சிடம் கேளுங்கள். பல வகுப்புகளில் நேரக் கணக்கின் மோகத்தில் இதைத் தள்ளிப்போடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. வழக்கமான உடையோடும் ஒருநாள் கோச்சின் கண்பார்வையில் நீந்திப் பழகட்டும். நனைந்த துணி கையையும் காலையும் எப்படி இழுக்கிறது என்பதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தடுங்கள்: யார் அதிக நேரம் மூழ்கியிருப்பது என்ற போட்டி. வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டுவிட்டு மூழ்கினால் உடலில் கரியமில வாயு குறைந்து, மூச்சுத் திணறலை உணரும் முன்பே மயக்கம் வந்துவிடும்.

தாத்தா சுரைக்குடுக்கை கட்டிப் பழகிய கிணறாகவே இருந்தாலும், நின்று இளைப்பாற ஆழம் குறைந்த பக்கம் அங்கே கிடையாது. பிடித்துக்கொள்ள விளிம்பும் இராது. மேலே சொன்ன இரண்டு நிமிட மிதத்தல் கைவந்த பிறகு, நன்கு நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீரிலேயே இருக்க, படி வழியாக மட்டும் இறக்குங்கள். மேலிருந்து குதிக்க விடாதீர்கள். எந்தப் படியைப் பிடித்து ஏறி வெளியே வரப்போகிறாள் என்பதை, இறங்கும் முன்பே அவள் உங்களுக்குக் கைநீட்டிக் காட்டட்டும்.