8 வருஷம் நின்ன மார்க் 2 அம்பாசிடர்: தள்ளி ஸ்டார்ட் பண்ணாதீங்க

வணக்கம் சார். மேலூர்ப் பக்கம் ஷெட்ல 8 வருஷம் நின்ன வண்டி, செல்ஃப் அடிச்சா 'டொக்'குன்னு ஒரு சத்தம்தான், ஆளைக் கூப்பிட்டுத் தள்ளலாமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாம். பிஸ்டன் ரிங் சிலிண்டர்ல ஒட்டியிருந்தா தள்ளுற வேகத்துல உடைஞ்சிரும்.

பேட்டரியைக் கழட்டிட்டு, நாலு ஸ்பார்க் பிளக்கையும் எடுத்து ஒவ்வொரு ஓட்டையிலயும் 2 டீஸ்பூன் என்ஜின் ஆயில் விடுங்க. ஒரு ராத்திரி ஊறட்டும். மறுநாள் நியூட்ரல்ல வச்சு, முன்னாடி ஹேண்டில் போட்டுக் கையால சுத்துங்க. கட்டைவிரல் மத்த விரல்களோட ஒரே பக்கமா இருக்கணும். ஹேண்டில் எதிர்த்து உதைச்சா விரல் போயிரும். அசையலைன்னா பலத்தைக் காட்டாதீங்க, இன்னும் ரெண்டு நாள் ஊறட்டும்.

சுத்த ஆரம்பிச்சதும் ஆயில், ஃபில்டர் மாத்துங்க. டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள இருக்கிற பாயின்ட்டைப் பொடி எமரித் தாள்ல தேய்ச்சு, இடைவெளி 0.015 இஞ்ச் வைங்க, பிளக் இடைவெளி 0.025 இஞ்ச். பிளக் ஒயர் போடுற வரிசை (சிலிண்டர் எரியுற வரிசை) 1-3-4-2.

டேங்க்ல கிடக்கிற பெட்ரோல் பிசினாகியிருக்கும், முழுசா இறக்கிருங்க. பெட்ரோல் போற ரப்பர் டியூப் எல்லாத்தையும் புதுசாப் போடுங்க; இப்போ பங்க்ல வர்ற எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை இளக்கிரும்.

என்ஜின் ஓடிருச்சுன்னு உடனே ரிங் ரோட்டுக்குக் கிளம்பிராதீங்க. நாலு வீல்லயும் இருக்கிற பிரேக் சிலிண்டரைப் பிரிச்சு ரப்பர் கிட் மாத்துற வரைக்கும் வண்டி ஷெட்லயே நிக்கட்டும்.