மருந்து குடோன் வேலைக்கு மகளை அனுப்பலாமா?

அம்மா, வணக்கம்.

மகள் பி.பார்ம் (மருந்தகவியல்) முடித்திருக்கிறாள், மாவட்ட மருந்துக் கிடங்கில் ஒப்பந்த வேலை கிடைத்திருக்கிறது, இருப்புக் கணக்கைப் பார்க்கும் வேலை என்று எழுதியிருந்தீர்கள். "நாலு வருஷம் படித்தது குடோனில் மாத்திரை எண்ணவா?" என்று உங்கள் நாத்தனார் கேட்டாராம். பேசாமல் வங்கித் தேர்வுக்குப் படிக்கச் சொல்லிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, பெண் பார்க்க வருகிறவர்களிடம் இதை என்ன வேலை என்று சொல்வது என்றும் ஒரு வரி. அந்தக் கடைசி வரிதான் உங்களை அதிகம் அரிக்கிறது என்று தோன்றுகிறது. அதற்கும் வருகிறேன்.

2021 மே மாதம் நினைவிருக்கும். சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் கொரோனாவுக்குப் போடும் ரெம்டெசிவிர் ஊசிமருந்தை வாங்க ஜனங்கள் கால்கடுக்க நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். கூட்டம் தாங்காமல் விற்பனையை நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றினார்கள். அங்கேயும் அதே கூட்டம். கடைசியில் உறவினர் கையில் மருந்தைக் கொடுப்பதையே நிறுத்தினார்கள். தனியார் மருத்துவமனை தன் நோயாளிகளின் விவரத்தை இணையதளத்தில் பதிய வேண்டும், மருந்து நேராக அந்த மருத்துவமனைக்குப் போகும் என்று முறையை மாற்றினார்கள். தெருவில் நின்ற வரிசை அதோடு முடிந்தது. எந்தப் படுக்கைக்கு எத்தனை குப்பி வேண்டும் என்ற கணக்கு மருந்து இருக்கிற இடத்துக்கு வந்து சேர வேண்டும், அவ்வளவுதான். அதற்கு வழி இல்லாதவரை அப்பாவும் அண்ணனும் சீட்டைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார்கள். (உள்நோயாளிகளுக்கு ரெம்டெசிவிரைப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது என்பது தனி வேதனை.)

உங்கள் மகளுக்குக் கிடைத்திருக்கும் வேலை இந்தக் கணக்கைச் சார்ந்ததுதான். தமிழ்நாட்டில் இதற்கு ஒரு நல்ல மரபு உண்டு. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கு மொத்தமாக மருந்து வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, அங்கிருந்து பிரித்து அனுப்புகிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். அதில் அந்த ஆண்டுக்கான ஒதுக்கீடு. இண்டென்ட் (தேவைச் சீட்டு) போட்டு மருந்து எடுக்க எடுக்க, தொகை கழியும். கிடங்குக்கு வந்து இறங்கும் மருந்து உடனே வெளியே போகாது. பேட்ச்வாரியாக, அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதி ஒவ்வொன்றிலிருந்தும், மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, தேறிய பிறகுதான் போகும். இந்த ஏற்பாட்டைப் பார்த்துத்தான் கேரளமும் ராஜஸ்தானும் தங்களுக்கும் இப்படிக் கழகங்களை உருவாக்கிக்கொண்டன.

சரி, அங்கே உட்கார்ந்து என்ன எண்ணுவாள்? ஒரு கற்பனைக் கணக்கு சொல்கிறேன். ஒரு தாலுகா மருத்துவமனையில் 900 பாட்டில் சலைன் இருக்கிறது. வழக்கமாக மாதம் 300 செலவாகும். ரெஜிஸ்டரைப் பார்த்தால் மூன்று மாதத்துக்குக் கவலையில்லை. ஆனால் இது அக்டோபர் கடைசி. மழை பிடித்துவிட்டது, டெங்கு காய்ச்சல் வார்டு நிரம்புகிறது, போன வாரம் மட்டும் 250 பாட்டில் போயிருக்கிறது. இதே வேகத்தில் போனால் கையிருப்பு 25 நாள்தான் வரும். இன்று ஆர்டர் போட்டால் சரக்கு வர 45 நாள் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் 20 நாள் ஓட்டை. கம்ப்யூட்டர் திரை மூன்று மாத சராசரியை எடுத்துக்கொண்டு பச்சை நிறத்தில் சிரித்துக்கொண்டிருக்கும். தீபாவளி மாதத்து எண்ணெய்க் கணக்கை ஆடி மாதக் கணக்கை வைத்துப் போட முடியாது என்று உங்களுக்குத் தெரியும். அந்தத் திரைக்கு யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் தெரியும். பக்கத்துத் தாலுகாவில் காய்ச்சல் இல்லை, அங்கே 600 பாட்டில் சும்மா கிடக்கிறது என்று கண்டுபிடித்து, இரண்டு ஸ்டோர் மருந்தாளுநர்களிடமும் பேசி, வண்டி ஏற்பாடு செய்து மாற்றிவிடுவதுதான் வேலை.

இதைவிட நுட்பமான ஒன்று உண்டு. ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் போன மாதம் ஒரு மாத்திரை 200 பட்டை (ஸ்ட்ரிப்) செலவானதாகப் பதிவு இருக்கிறது. அடுத்த மாதத்துக்கும் 200 கேட்கிறார்கள். பார்க்க நியாயமாகத்தான் தெரியும். தேதிவாரியாகப் புரட்டினால், 15ஆம் தேதியோடு இருப்பு தீர்ந்து, மீதி நாட்களில் நோயாளிகளை வெறுங்கையோடு அனுப்பியிருப்பார்கள். உண்மையான தேவை 400. மருந்து இல்லாத நாட்களைச் 'செலவு இல்லை' என்று கணக்கு எடுத்துக்கொள்ளும். அடுத்த மாதமும் அதே பற்றாக்குறை வரும், அதற்கடுத்த மாதமும். இருப்புப் பூச்சியமாக இருந்த நாட்களைக் கழித்துவிட்டுச் சராசரி எடுக்கத் தெரிந்தவர் அந்த நாற்காலியில் இருந்தால் இது நடக்காது. சாதாரண வகுத்தல் கணக்குதான். செய்பவர்கள் குறைவு.

அப்புறம் அலகுக் குழப்பம். '100' என்று போட்டிருந்தால் அது நூறு மாத்திரையா, நூறு பட்டையா, நூறு பெட்டியா? கோவிஷீல்டு ஒரு குப்பியில் 10 டோஸ். குப்பிக்கும் டோஸுக்கும் கட்டம் மாறிப் போனால் ஊரில் பத்து மடங்கு தடுப்பூசி இருப்பதாகத் தெரியும், அல்லது பத்தில் ஒரு பங்கு. மருந்தகவியல் படித்த பெண்ணுக்கு இப்படி ஒரு எண்ணைப் பார்த்ததுமே உறுத்தும். வெறும் டேட்டா என்ட்ரி ஆளுக்கு உறுத்தாது. நாத்தனார் கேட்ட கேள்விக்கு என் பதில் இங்கே இருக்கிறது.

தடுப்பூசிக்கு மத்திய அரசின் ஈவின் என்ற அமைப்பு 2015 முதல் இருக்கிறது. குளிர்பதனக் கிடங்கில் எத்தனை டோஸ் இருக்கிறது என்பதோடு, பெட்டியின் வெப்பநிலை 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்பதையும் கருவி தானாக அனுப்பிக்கொண்டிருக்கும். கொரோனா தடுப்பூசி வந்தபோது எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்காமல் இந்த அடித்தளத்தின்மேல் ஏறிக்கொள்ள முடிந்தது. வெளிநாட்டிலும் இந்தத் துறைதான் பேச்சு. அமெரிக்கா 1999 முதல் அவசரகால மருந்துச் சேமிப்பு ஒன்றை வைத்திருக்கிறது. 2009 பன்றிக் காய்ச்சலுக்கு எடுத்த என்95 முகக்கவசங்களைத் திரும்ப முழுமையாக நிரப்பவில்லை. 2020இல் அவ்வளவு பணக்கார நாடு முகக்கவசத்துக்குத் திண்டாடியது. எடுத்ததை எழுதிவைத்தால் மட்டும் போதாது, நிரப்பும்வரை கேட்டுக்கொண்டே இருக்க ஆள் வேண்டும்.

இனி உங்கள் வீட்டு விஷயம். வேலை நல்லது என்பதற்காக ஒப்பந்தமும் நல்லதாக இருக்கும் என்று சொல்லமாட்டேன். வேலைக்கான ஆர்டரை வாங்கிப் பாருங்கள். சம்பளம் தருவது கழகமா, ஆள் அனுப்பும் ஏஜென்சியா? பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? பதவியின் பெயர் மருந்தாளுநரா, டேட்டா என்ட்ரி ஆபரேட்டரா? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பின்னால் அனுபவச் சான்றிதழ் கேட்கும்போது அந்த ஒரு வார்த்தைதான் பேசும். லாரி இரவில் வந்தால் இறக்கும்போது அவள் இருக்க வேண்டுமா, வீடு திரும்ப வண்டி உண்டா என்பதையும் வெட்கப்படாமல் கேட்கச் சொல்லுங்கள். ஒப்பந்த வேலை என்பது இரண்டு மூன்று வருடம் தொழில் கற்றுக்கொள்ளும் இடம்; அதிலேயே ஆயுளைக் கழிக்க வேண்டாம்.

சேரும் முன்பே தமிழ்நாடு மருந்தியல் கவுன்சிலில் பதிவை முடித்துவிட வேண்டும். பதிவு இல்லாமல் பட்டம் மட்டும் வைத்திருந்தால் மருந்தாளுநர் பணி எதற்கும் விண்ணப்பிக்க முடியாது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அவ்வப்போது மருந்தாளுநர் இடங்களை அறிவிக்கிறது. அறிவிக்கை வரும்போது தகுதிப் பகுதியை வரி வரியாகப் படிக்கட்டும். மருந்து ஆய்வாளர் பதவிக்கும் மருந்தகவியல் பட்டம்தான் வாசல். கிடங்கில் இருந்துகொண்டே இவற்றுக்குப் படிக்கலாம். பாடமும் வேலையும் ஒரே விஷயத்தைப் பற்றியவை என்பதால் சுமை குறையும். வங்கித் தேர்வு மட்டமானது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும், மருந்தகவியல் அங்கே ஒரு மதிப்பெண்ணும் வாங்கித் தராது. அவளுக்கே ஆசை இருந்தால் ஒழிய, அந்தப் பக்கம் தள்ளாதீர்கள்.

கற்றுக்கொள்ள வேண்டியதில் எக்ஸெல்லை முதலில் வைப்பேன். காலாவதித் தேதியை வைத்துப் பட்டியலை வரிசைப்படுத்தி, முதலில் காலாவதியாவதை முதலில் அனுப்பும் பழக்கம் விரல் நுனிக்கு வரட்டும். பிறகு கொஞ்சம் புள்ளியியல், முடிந்தால் எஸ்.க்யூ.எல். (பெரிய தரவுத் தொகுப்பிலிருந்து வேண்டியதைத் தேடி எடுக்கும் கணினி மொழி). இதையெல்லாம் யூடியூபிலேயே கற்கலாம், ஆயிரக்கணக்கில் பணம் கேட்கும் சான்றிதழ் வகுப்புகள் வேண்டாம். பாடத்தில் இல்லாத ஒன்று: "சார், இது 25 நாளைக்குத்தான் வரும்" என்று மேலதிகாரியிடம் முகத்துக்கு நேராகச் சொல்லும் தைரியம். உங்கள் மகள் கொஞ்சம் அமைதியானவள் என்று எழுதியிருக்கிறீர்கள். அமைதி பரவாயில்லை, எண்களைக் காகிதத்தில் எழுதி மேசையில் வைத்துவிட்டு வந்தாலும் போதும். வைக்காமல் இருக்கக் கூடாது.

இரண்டு ஆண்டு கழித்து மேலே படிக்க விரும்பினால், ஜெய்ப்பூரில் ஐ.ஐ.எச்.எம்.ஆர். என்ற சுகாதார மேலாண்மைக் கல்வி நிறுவனத்தில் மருத்துவமனை மேலாண்மை, மருந்து மேலாண்மை இரண்டும் இருக்கின்றன. மும்பை டாட்டா சமூக அறிவியல் கழகத்தில் மருத்துவமனை நிர்வாகம் இருக்கிறது. கிடங்கு அனுபவத்தோடு போகிறவளுக்கு வகுப்பில் சொல்ல விஷயம் இருக்கும். யுனிசெஃப் போன்ற அமைப்புகளின் விநியோகப் பிரிவுகளிலும் இப்படிக் களத்தில் சரக்கைக் கையாண்டவர்களுக்கு மதிப்பு உண்டு.

பெண் பார்க்க வருகிறவர்களிடம், "அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து அனுப்பும் கிடங்கில் மருந்தாளுநராக இருக்கிறாள், இப்போதைக்கு ஒப்பந்தம்" என்று இருப்பதை இருக்கிறபடியே சொல்லுங்கள். ஆர்டரில் அந்தப் பதவிப் பெயர் இருக்க வேண்டும் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ஆர்டர் கைக்கு வந்ததும், கையெழுத்துப் போடும் முன் ஒரு நகலை எனக்கு அனுப்பிவையுங்கள்.