முகம் தெரியும், பெயர் தெரியாது: வாசகர் கேள்வி – பதில்

வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நட்சத்திரங்களைப் பற்றியவை. அவற்றுக்குப் பதில் சொல்ல ஏற்கெனவே போதுமான பேர் இருக்கிறார்கள். படத்துக்குப் படம் வந்துபோகிற, முகம் தெரிந்தும் பெயர் நினைவுக்கு வராத நடிகர்களின் பிழைப்பைப் பற்றிக் கேட்ட கடிதங்களை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டேன். சிறு வேடங்களிலேயே பல ஆண்டுகளை ஓட்டியவன் நான் என்பதால், பதில்களில் கொஞ்சம் சார்பு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பல தொடர்களில் பார்த்துப் பழகிய ஒரு நடிகர், வாடகை கட்டுவதற்காக வேறு வேலைக்கும் போவதாகப் பேட்டி ஒன்றில் சொன்னார். எப்போது தொலைக்காட்சியைப் போட்டாலும் திரையில் இருப்பவருக்குப் பணமுடை எப்படி வரும்?

பதில்: திரையில் அடிக்கடி தெரிவதும் அடிக்கடி வேலை கிடைப்பதும் ஒன்றல்ல. ஒரே நாளில் எடுத்து முடித்த நான்கு காட்சிகள் நான்கு வாரங்களில் வெளியாகலாம்; பிறகு அவையே மறுஒளிபரப்பாகவும் இணையத்தில் துண்டுக் காணொளிகளாகவும் ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கலாம். பார்ப்பவருக்கு அது இடைவிடாத வேலையாகத் தெரிகிறது; நடித்தவருக்கோ அது ஒரு நாள் சம்பளம். அந்தச் சம்பளத்திலும் முகவரின் கழிவும் வரியும் போய்விடும். அடுத்த வேலைக்காகப் போய்வரும் பத்து ஆடிஷன்களுக்கு யாரும் பணம் தருவதில்லை.

உலகிலேயே பணம் அதிகம் புழங்கும் திரைத்தொழில் என்று சொல்லப்படும் அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்குள்ள நடிகர் சங்கம் 2023 ஜூலை 14 முதல் 118 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ஓர் எண் அடிக்கடி பேசப்பட்டது: 26,470 டாலர். சங்கத்தின் மருத்துவக் காப்பீட்டுக்குத் தகுதி பெற, ஓர் ஆண்டில் நடிப்பின் மூலம் ஈட்ட வேண்டியிருந்த அப்போதைய குறைந்தபட்சத் தொகை அது. ஏறத்தாழ 1,60,000 உறுப்பினர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் அந்த வரம்பைத் தொடுவதே இல்லை என்று சங்கத்தினர் அப்போது எடுத்துச் சொன்னார்கள்.

நடித்த படைப்பு மீண்டும் ஓடும்போதெல்லாம் நடிகருக்கும் ஒரு பங்கு சேர வேண்டும் என்ற ஏற்பாடு அங்கே தானாக வந்துவிடவில்லை. 1960இல் சங்கத் தலைவராக இருந்தவர், பின்னாளில் அந்நாட்டின் அதிபரான ரொனால்டு ரேகன். அவர் தலைமையில் நடந்த வேலைநிறுத்தத்தின் பயனாக, அந்த ஆண்டு முதல் எடுக்கப்படும் படங்கள் தொலைக்காட்சிக்கு விற்கப்பட்டால் நடிகர்களுக்குப் பங்கு உண்டு என்று முடிவாயிற்று. அதற்கு முந்தைய படங்களுக்குத் தனிப்பங்கு கிடையாது. அதற்கு ஈடாகத் தயாரிப்பாளர்கள் கொடுத்த 22.5 லட்சம் டாலரைக் கொண்டு ஓய்வூதிய, மருத்துவ நிதி தொடங்கப்பட்டது. 1930களிலும் 1940களிலும் கொடிகட்டிப் பறந்தவர்கள், தங்கள் பழைய படங்கள் நள்ளிரவுத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஓடுவதை ஒரு காசும் வராமல் உட்கார்ந்து பார்த்தார்கள். அந்தக் கசப்பு அவர்களில் பலருக்குக் கடைசிவரை போகவில்லை. போகாததில் நியாயமும் இருக்கிறது.

ஓடிடி தளங்கள் வந்தபின் இந்தப் பங்கு மீண்டும் சுருங்கிவிட்டது. ஒரு தொடர் எத்தனை முறை பார்க்கப்பட்டது என்ற கணக்கு வெளியே வராத இடத்தில், எதை அடிப்படையாக வைத்துப் பங்கு கேட்பது? 2023 வேலைநிறுத்தத்தின் ஆணிவேர்களில் ஒன்று இதுதான்.

கேள்வி: ஒரே அழுகைக் காட்சியைப் பல கோணங்களில் எடுக்கிறார்களே, ஒவ்வொரு முறையும் அதே அழுகை எப்படி வரும்? கிளிசரின் போடுவது ஏமாற்று வேலை இல்லையா?

பதில்: அழுகையைவிடக் கடினமானது தண்ணீர்த் தம்ளர் என்று சொன்னால் நம்புவீர்களா?

ஒரு மேஜையின் இருபுறமும் இருவர் உட்கார்ந்து பேசும் காட்சியை எடுத்துக்கொள்வோம். முதலில் இருவரும் தெரியும்படி அகலமான ஷாட் எடுப்பார்கள். அதில் நீங்கள் “போய்விட்டார்” என்ற சொல்லில் தம்ளரை எடுத்து, ஒரு மிடறு குடித்து, இடது கையால் கீழே வைத்திருந்தால், தோளுக்கு மேலிருந்து எடுக்கும் ஷாட்டிலும் அதன் பிறகான குளோசப்பிலும் அதே சொல்லில், அதே கையால், அதே மிடறைக் குடிக்க வேண்டும். தம்ளரில் தண்ணீர் பழைய அளவுக்கு நிரப்பப்பட்டிருக்கிறதா என்று கன்டினியூட்டி பார்க்கும் உதவி இயக்குநர் கவனித்துக்கொள்வார். கை எப்போது எழுந்தது என்பதை நீங்கள்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும். மாறிப்போனால் படத்தொகுப்பாளரால் இரண்டு ஷாட்களை ஒட்ட முடியாது. அவர் உங்கள் நல்ல டேக்கைத் தூக்கி எறிந்துவிட்டு, சுமாரானதை வைத்துக்கொள்வார். அனுபவப்பட்ட நடிகர்கள் தம்ளரைத் தொடாமலேயே காட்சியை முடிக்கப் பார்ப்பதன் ரகசியம் இதுதான்.

இதற்கிடையே தரையில் ஒட்டியிருக்கும் டேப்பில் சரியாகப் போய் நிற்க வேண்டும். குனிந்து பார்க்கக் கூடாது. அரை அடி தள்ளி நின்றால் ஃபோகஸ் போய்விடும், முகத்தில் நிழல் விழும். எதிரே நடித்தவர் தன் பங்கை முடித்துக்கொண்டு கிளம்பியிருப்பார். லென்ஸுக்குப் பக்கத்தில் ஒட்டிய ஒரு சிறு துண்டுக் காகிதத்தைக் கணவனாகவோ தாயாகவோ நினைத்துக்கொண்டு நீங்கள் உருகும்போது, எதிர்வசனத்தை உதவி இயக்குநர் ஒருவர் மளிகைப் பட்டியல் வாசிப்பதுபோல வாசித்துக்கொண்டிருப்பார்.

இத்தனைக்கும் நடுவில்தான் அழுகை. விவரம் தெரிந்தவர்கள் அகலமான ஷாட்டில் கண்ணீரை வீணாக்க மாட்டார்கள். தோள் குலுங்கினால் அங்கே போதும். குளோசப் எப்போது வரும் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு அதற்காகச் சேமிப்பார்கள். காலை ஒன்பது மணிக்கு எடுப்பதாகச் சொன்ன குளோசப் இரவு பத்து மணிக்கு வரும்போது, அதுவும் ஏழாவது டேக்காக இருக்கும்போது, கண்ணில் இரண்டு சொட்டு கிளிசரின் விடுவதில் என்ன ஏமாற்று? கண்ணீர் மட்டும்தான் குப்பியிலிருந்து வருகிறது. குரல் எந்த இடத்தில் உடைய வேண்டும், எந்த மூச்சை அடக்க வேண்டும் என்பதற்குக் குப்பி எதுவும் இல்லை.

கேள்வி: என் தம்பிக்குத் தொடர் ஒன்றில் நல்ல வேடம் வந்திருக்கிறது. ஆனால் பல ஆண்டுகளுக்கு வேறெங்கும் நடிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

பதில்: ஆண்டுக்கணக்கைவிட ஒரு சிறிய வரியைத் தேடச் சொல்லுங்கள்: “நடிகர் பணிக்கு வராத காலம் ஒப்பந்தக் காலத்துடன் சேர்க்கப்படும்” என்ற பொருளில் ஏதாவது இருக்கிறதா என்று. இந்த வரிக்கு ஒரு வரலாறு உண்டு. ஹாலிவுட்டில் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துடன் ஏழாண்டு ஒப்பந்தத்தில் இருந்தார் ஒலிவியா டி ஹாவிலாண்ட். பிடிக்காத வேடங்களை மறுத்தபோதெல்லாம் சம்பளமில்லாமல் நிறுத்திவைத்த நிறுவனம், ஏழாண்டு முடிந்ததும், அப்படி நிறுத்திவைத்த காலத்தையெல்லாம் கூட்டி இன்னும் சில மாதங்கள் பாக்கி என்றது. அவர் 1943இல் வழக்குத் தொடுத்தார். ஏழாண்டு என்றால் காலண்டரில் ஏழாண்டுதான் என்று 1944 டிசம்பரில் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவரால் புதிய படத்தில் நடிக்க முடியவில்லை. ஆனால் வெளியே வந்தபின் நடித்த படங்களுக்கு இரண்டு ஆஸ்கர் விருதுகள் பெற்றார். பெரிய பெயரும் கையிருப்பும் அவருக்கு இருந்தன. உங்கள் தம்பிக்கு இன்னும் இரண்டும் இல்லை என்பதால், கையெழுத்துக்கு முன்பே ஒரு வழக்கறிஞரிடம் காட்டுவது நல்லது. நான் காட்டாமல் கையெழுத்திட்ட ஒரு தாள், ஒரு முழு ஆண்டை விழுங்கியது.

கேள்வி: ஒரே பாத்திரமாக மக்கள் மனத்தில் பதிந்துவிட்டால் அது வரமா, சாபமா?

பதில்: லியோனார்டு நிமோய் என்ற நடிகர் 1966 முதல் 1969 வரை “ஸ்டார் ட்ரெக்” என்ற அமெரிக்க விண்வெளித் தொடரில் ஸ்பாக் என்ற கூர்காதுப் பாத்திரமாக நடித்தார். 1975இல் அவர் வெளியிட்ட தன்வரலாற்றின் தலைப்புக்கு “நான் ஸ்பாக் அல்ல” என்று பொருள். ரசிகர்கள் கோபித்துக்கொண்டார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, 1995இல், அடுத்த நூலை எழுதினார்; அதன் தலைப்பு “நான்தான் ஸ்பாக்”. இடைப்பட்ட காலத்தில் அதே வரிசைப் படங்களில் இரண்டை அவரே இயக்கியிருந்தார். இரண்டு தலைப்பும் உண்மை என்றே எனக்குத் தோன்றுகிறது. தெருவில் பாத்திரத்தின் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்க்கலாம். ஆனால் அதே மாதிரியான வேடம் மூன்றாவது முறை வரும்போது, வீட்டு நிலவரம் தாங்குமென்றால், வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். “தாங்குமென்றால்” என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படியுங்கள்.

கேள்வி: எங்கள் ஆறு வயது மகளுக்கு வாய்ப்புகள் வருகின்றன. சம்பளத்தைக் குடும்பச் செலவுக்கு எடுத்துக்கொள்வது தவறா?

பதில்: சாப்ளினுடன் 1921இல் “தி கிட்” படத்தில் நடித்த ஜாக்கி கூகனுக்கு, படம் வெளிவந்தபோது வயது ஆறு. அவர் சிறுவனாக இருந்தபோது ஈட்டியது முப்பது, நாற்பது லட்சம் டாலர் என்பது மதிப்பீடு. வயது வந்தபின் கேட்டபோது கையில் ஏதும் இல்லை. 1938இல் தாயின் மீதும் மாற்றாந்தந்தையின் மீதும் வழக்குப் போட்டு அவர் பெற்றது ஏறத்தாழ 1,26,000 டாலர் மட்டுமே. அதன் விளைவாக 1939இல் கலிபோர்னியாவில் குழந்தை நடிகர்களுக்கான சட்டம் வந்தது. 2000ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், குழந்தையின் சம்பளம் குழந்தைக்கே சொந்தம். அதில் குறைந்தது 15 சதவீதத்தைத் தனிக் கணக்கில் பூட்டிவைத்தாக வேண்டும். உங்கள் ஊர்ச் சட்டம் எப்படி இருந்தாலும், மகள் பெயரில் ஒரு கணக்கைத் தொடங்க எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆறு வயதில் அவள் உழைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு அது விளையாட்டாகத் தோன்றலாம், உங்களுக்குத் தோன்றக் கூடாது.

கேள்வி: நாற்பது வயதில் நடிக்க வரலாமா?

பதில்: ஆங்கில நடிகர் ஆலன் ரிக்மனின் முதல் திரைப்படம் 1988இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 42 என்று எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். அவர் 26 வயதிலேயே வரைகலைத் தொழிலை விட்டுவிட்டு லண்டன் நாடகப் பள்ளியில் சேர்ந்து, அதன்பின் ஆண்டுக்கணக்கில் மேடையில் நடித்தவர் என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள். வரலாம், வேலையை விடாமல் வாருங்கள்.

கேள்வி: கூட்டக் காட்சிகளில் நடிக்கும் எங்களை ஓர் அறையில் நிற்கவைத்துச் சுற்றிலும் கேமரா வைத்து ஸ்கேன் செய்கிறார்கள். பயப்பட வேண்டுமா?

பதில்: துணை நடிகர்களை ஒரு நாள் கூலிக்கு ஸ்கேன் செய்து, அந்த உருவத்தை நிரந்தரமாக வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள் என்று 2023இல் அமெரிக்கச் சங்கம் குற்றம் சாட்டியது, தயாரிப்பாளர் தரப்பு அதை மறுத்தது. இறுதி உடன்பாட்டில், எண்ணிம (டிஜிட்டல்) உருவத்தைப் பயன்படுத்த நடிகரின் ஒப்புதலும் அதற்கான ஊதியமும் கட்டாயமாக்கப்பட்டன. சங்கப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் நீங்களே கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: இந்த ஸ்கேன் எந்தப் படத்துக்கு மட்டும், அதன்பின் யாரிடம் இருக்கும்? பதிலைத் தாளில் வாங்கிக்கொண்ட பிறகு அந்த அறைக்குள் போங்கள்.