எத்தனை வாக்கு வேண்டும்?

கடிதம்:

வணக்கம் ஐயா. 2015 சனவரி சனாதிபதித் தேர்தலில் எங்கட ஊர் முழுக்கப் போய் மைத்திரிபால சிறிசேனவின் அன்னச் சின்னத்துக்குப் புள்ளடி போட்டது. நல்லாட்சி என்றார்கள், ஒன்றும் நடக்கேல்லை. 2024-க்குப் பிறகு திரும்பவும் நம்பச் சொல்கிறார்கள். எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தானே?
வாசகர், வவுனியா

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

"ஒன்றும் நடக்கேல்லை" என்பதை நான் ஏற்கமாட்டேன். நடந்ததையும் நடக்காததையும் ஒரே சாக்கில் கட்டினால், யாரை எதற்காகப் பிடிப்பது என்றே தெரியாமல் போய்விடும்.

இராணுவம் வைத்திருக்கும் காணியை விடுவிக்கச் சனாதிபதி நினைத்தால் போதும். சாதாரண சட்டத்துக்கு, பாராளுமன்றத்தின் 225 பேரும் வந்தால், 113 வாக்கு. அரசியலமைப்பை மாற்ற 150. சில உறுப்புரைகளுக்கு அதற்கு மேல் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும்.

சனாதிபதி முறையை ஒழிப்போம் என்று மேடைகளில் முழங்கினார்கள். மைத்திரியின் விஞ்ஞாபனமோ, சர்வசன வாக்கெடுப்புத் தேவைப்படும் உறுப்புரைகளில் கைவைக்க மாட்டேன் என்றது. விஞ்ஞாபனத்தை யார் வாசித்தார்கள்! கடைசியில் வந்தது அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம்: சனாதிபதியின் அதிகாரம் குறைந்தது, முறை அப்படியே இருந்தது. ஆனாலும் 2018 நவம்பரில் அவரே பாராளுமன்றத்தைக் கலைத்தபோது, அது கூடி நாலரை வருடம் முடியுமுன் சனாதிபதி தன்னிச்சையாகக் கலைக்க முடியாதென்று உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது அந்தத் திருத்தத்தை வைத்துத்தான். உங்கள் புள்ளடிக்கும் அதில் பங்குண்டு.

உங்கள் கோபம் போய்ச் சேரவேண்டிய இடம், குற்றச்சாட்டு இல்லாமலே ஆட்களை மாதக்கணக்கில் தடுத்துவைக்க வழிவிட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம். 2015 ஒக்டோபரில் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் 30/1 தீர்மானத்துக்கு இணை அனுசரணை வழங்கி, இந்தச் சட்டத்தை நீக்குவதாக அரசு ஒப்புக்கொண்டது. சாதாரண பெரும்பான்மை போதும். மைத்திரியோடு ஆட்சி செய்த ஐக்கிய தேசியக் கட்சி அணிக்கு 106 ஆசனம், தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 16, மொத்தம் 122. மைத்திரியின் ஆட்கள் ஒருவர்கூடத் தேவையில்லை. தெற்கில் வாக்குப் போய்விடும் என்று பயந்தார்கள். 2018-ல் மாற்றாக ஒரு சட்டமூலம் கொண்டுவந்தார்கள், அதுவும் நிறைவேறவில்லை. வரவு செலவுத் திட்டங்களுக்குக் கைதூக்கிய கூட்டமைப்பு இதை நிபந்தனையாக வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

திரும்பவும் நம்பச் சொல்லும் தேசிய மக்கள் சக்திக்கு 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் கிடைத்தது 159 ஆசனம், யாழ்ப்பாண மாவட்டத்தில்கூட ஆறில் மூன்று. ஆட்பலம் இல்லையென்று அவர்கள் சாட்டுச் சொல்ல முடியாது. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரிலேயே முடிந்துவிட்டது. மாகாண சபைத் தேர்தல் சட்டத்துக்கு 2017-ல் கொண்டுவந்த திருத்தத்தின் தொகுதி எல்லை நிர்ணயத்தில் தேர்தல் சிக்கியது. பழைய விகிதாசார முறைக்குத் திரும்பச் சிறிய திருத்தமும் சாதாரண பெரும்பான்மையும் போதும். உங்கள் மாவட்ட எம்பியைக் கண்டால் "தேர்தல் எப்ப?" என்று கேட்காதீர்கள், "விரைவில்" என்றுதான் பதில் வரும். சட்டமூலம் வர்த்தமானியில் வந்துவிட்டதா, எந்தத் திகதியில் என்று கேளுங்கள்.