எங்கள் பள்ளியில் கேலி ஒழிப்புக்கும் உலகத் தொண்டுக்கும் சேர்த்து ஒரு மாணவர் மன்றம் தொடங்கினால் பயன் இருக்குமா? முதல் பணியாக எதை எடுப்பது: நிதி திரட்டலா, சுவரொட்டிப் போட்டியா?

நீங்கள் பணியில் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆன ஆசிரியர் என்றும், தலைமையாசிரியர் ஒரு கோப்பை உங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்றும் நினைக்கிறேன். அப்படி வைக்கப்பட்ட கோப்போடு பதினோரு ஆண்டுகள் இன்டராக்ட் மன்றப் பொறுப்பாசிரியராக இருந்தவன் நான். ஆகவே பயன் உண்டா என்ற கேள்வி எனக்குச் சற்று உறுத்துகிறது.

1962இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தொடங்கிய இன்டராக்ட், ரோட்டரி சங்கங்களின் ஆதரவில் 12 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்காக நடப்பது. ஒவ்வொரு மன்றமும் ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு பணிகளைச் செய்ய வேண்டும்: ஒன்று தம் பள்ளிக்கோ ஊருக்கோ பயன்படுவது, மற்றொன்று பன்னாட்டுப் புரிதலை வளர்ப்பது. எங்களுக்கு இரண்டாவதுதான் எப்போதும் எளிதாக இருந்தது.

2015 ஏப்ரலில் நேபாளத்தை நிலநடுக்கம் உலுக்கியது. ஜூனில் பள்ளி திறந்ததும் நிதி திரட்டினோம். மன்றச் செயலாளர் பிளஸ் ஒன் மாணவன். பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கியவன். இடிந்த வீடுகளைப் பற்றி அவன் பேசியபோது ஆசிரியைகள் சிலர் கண் கலங்கினார்கள். உண்டியலோடு வகுப்பு வகுப்பாகச் சென்றோம். எட்டாம் வகுப்பில் திக்கிப் பேசும் ஒரு பையன் இருந்தான். முதல் சொல் வராமல் அவன் தவிப்பதைப் பார்த்து, ஸ்டார்ட் ஆகாத வண்டி என்ற பொருளில் ‘கிக்கர்’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அவன் பத்து ரூபாய்த் தாளை உண்டியலில் போட்டுவிட்டு ஏதோ கேட்க வாயெடுத்தான். செயலாளர், ஒரு கையில் உண்டியலைப் பிடித்தபடியே, காலால் வண்டியை உதைப்பதுபோல் இரண்டு முறை செய்து காட்டினான். வகுப்பே சிரித்தது. நானும் புன்னகைத்தேன். அந்தப் பையன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறு மாதம் அவன் அம்மா வந்தார். “கடைக்குப் போகச் சொன்னாக்கூட சீட்டுல எழுதிக் குடுத்தாத்தான் சார் போறான்” என்றார். என் புன்னகையைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

செயலாளரை அழைத்துக் கண்டித்தேன். கேலி வகுப்பறையிலிருந்து சைக்கிள் நிறுத்தும் இடத்துக்கு மாறியது, அவ்வளவுதான். பிறகு ‘அன்பு வாரம்’ நடத்திச் சுவரொட்டிப் போட்டியும் வைத்தோம். முதல் பரிசு வாங்கியவன் அந்தப் பையனைக் கிக்கர் என்றே அழைத்துவந்தான். கடைசியில், அவனோடு பெஞ்சில் உட்காரும் நால்வரைத் தனியாக அழைத்து, யாரோடும் சண்டை போட வேண்டாம், சிரிக்காமல் இருங்கள், ஆரம்பித்தால் அவனைக் கூட்டிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். “வாடா, போலாம்” என்ற இரண்டு சொற்கள்தான் அவர்கள் செய்த தொண்டு. டொரொன்டோவில் பள்ளி மைதானங்களைப் படமெடுத்து ஆராய்ந்தவர்கள், கொடுமை நிகழும்போது பெரும்பாலும் சக மாணவர்கள் அருகில் இருக்கிறார்கள், தலையிடுபவர்களோ சிலர்தான், ஆனால் அப்படித் தலையிட்டவற்றில் பாதிக்கு மேல் பத்து நொடிக்குள் ஓய்ந்துவிடுகிறது என்று 2001இல் எழுதியதைப் பின்னாளில் படித்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 2007இல் இளஞ்சிவப்புச் சட்டை அணிந்து வந்த ஒன்பதாம் வகுப்பு மாணவனைச் சிலர் கேலி செய்ய, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் இருவர் அதே நிறத்தில் 50 சட்டைகள் வாங்கிப் பள்ளியில் வழங்கினார்களே, அதுவும் பக்கத்தில் நின்றவர்கள் செய்ததுதான். பட்டப்பெயர் முழுவதும் ஒழிந்தது என்று சொல்லமாட்டேன். பத்தாம் வகுப்பு வரை அவனைத் தொடர்ந்தது. கடைக்குச் சீட்டு இல்லாமல் போகிறான் என்று மட்டும் அம்மா சொன்னார்.

தொலைவில் இருப்பவர்களுக்கு உதவுவதை நான் இகழ்கிறேன் என்று இங்கே யாராவது கிளம்பக்கூடும். இல்லை. ரோட்டரி 1985இல் கையில் எடுத்த போலியோ ஒழிப்புப் பணியில் எங்கள் மாணவர்களும் சொட்டு மருந்து முகாம்களில் நின்றிருக்கிறார்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸ் ஒரு குழந்தையையும் முடக்கவில்லை என்பதில் எனக்குப் பெருமை உண்டு. என் குறை வேறு. மன்றத்தின் ஆண்டறிக்கைப் படிவத்தில் திரட்டிய தொகைக்கும் புகைப்படத்துக்கும் இடம் இருந்தது. அந்த நால்வருக்கு இல்லை. அந்த ஆண்டு நேபாள நிதிக்காகக் கேடயம் கிடைத்தது. மேடையேறி வாங்கியவன் செயலாளர்.

ஆகவே உங்கள் கேள்விக்கு: தொடங்குங்கள், ஆனால் நன்றாகப் பேசுகிறவனைப் பார்த்துப் பொறுப்பாளராக்காதீர்கள். மாணவர்களால் தாங்க முடியாத விஷயங்களும் வரும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். நீங்கள் சொன்ன இரண்டுமே முதல் பணியாக வேண்டாம். பள்ளியின் வரைபடத்தைப் படியெடுத்து, பெயர் எழுதாமல், தாங்கள் கேலிக்கு ஆளாகும் இடத்தில் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். நாங்கள் இதை 2016இல் செய்தோம். கழிப்பறைப் பக்கமும் சைக்கிள் நிறுத்தும் இடமும் எதிர்பார்த்தவை. ஆசிரியர் இருக்கும் வகுப்பறைகளுக்குள்ளும் புள்ளிகள் விழுந்திருந்தன. அவற்றில் ஒன்று நான் பாடம் நடத்தும் அறை. அந்த வரைபடத்தை ஆண்டறிக்கையோடு இணைக்கத் தலைமையாசிரியர் சம்மதிக்கவில்லை.